முப்பது சிவப்பு வட்டங்கள்

என் தம்பிக்கு ஐந்து வயது. அவனுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் தெருவில் எல்லோருக்கும் அவன் பட்டாணிதான். ஒரு தெருவையே கலங்கடிக்க இந்தப் பட்டாணி ஒருவன் போதும் என்று அன்று எனக்குத் தெரியாது.

அன்று நகர அலுவலகத்துச் சுவரில் ஊரின் வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். அடுத்த இருபது வருடத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று மக்களிடமே கேட்டார்கள். ஒரு இடம் அப்படியே இருக்கட்டும் என்றால் அதன்மேல் பச்சை வட்டம் ஒட்ட வேண்டும். மாற்ற வேண்டும் என்றால் சிவப்பு வட்டம். மேசையில் தாளுக்கு முப்பது வட்டமாக ஸ்டிக்கர் தாள்கள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் யாரும் இல்லை.

பள்ளி விட்டு வரும் வழியில் பட்டாணியோடு உள்ளே நுழைந்தேன். எங்கள் வீடு எங்கே என்று தேடுவதில் மூழ்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவன் கையில் காலித் தாள். முப்பது வட்டங்களும் காணோம்.

"எங்கடா ஒட்டினே?"

"மேப்புல!" என்றான் பெருமையாக.

யாராவது திட்டுவதற்குள் தாளைக் குப்பைக்கூடையில் திணித்துவிட்டு, அவனை இழுத்துக்கொண்டு ஓடிவந்தேன். அதோடு அதை மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் ஒரு அறிவிப்பு தொங்கியது. இந்த நிறுத்தம் வேண்டாம் என்று முப்பது பேர் சொல்லியிருக்கிறார்களாம். அதனால் அதை மெயின் ரோட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் சனிக்கிழமை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

அம்மா அதைப் படித்துவிட்டு அப்படியே நின்றார். அவருக்கு ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. தினமும் காலை ஆறு மணி பஸ்.

"மெயின் ரோடு வரைக்கும் நடக்கணும்னா அரை மணி நேரம் ஆகும். அப்பா லாரியில போனா வாரக் கணக்குல வர்றதில்ல. இருட்டோட அஞ்சரைக்கே நான் கிளம்பிட்டா உங்க ரெண்டு பேரையும் யாரு பாத்துக்குவா?" என்றார். பிறகு மெதுவாக, "வேலையை விட்டுட வேண்டியதுதான்" என்றார்.

தெருவில் எல்லோரும் டெய்லர் மாமாவைத்தான் சந்தேகப்பட்டார்கள். அவர் கடை நிறுத்தத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. "ஹாரன் சத்தத்துல ஊசியில நூல்கூடக் கோக்க முடியல" என்று புலம்பாத நாளே கிடையாது.

"சொந்தக்காரங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் ஒட்டியிருப்பாரு" என்றார் பால்கார அண்ணன்.

"நான் அந்த ஆபீஸ் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கலைய்யா!" என்று டெய்லர் மாமா கத்தினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

முப்பது! அந்தக் காலித் தாள் நினைவுக்கு வந்தது. பட்டாணியை மூலைக்கு இழுத்துப் போனேன்.

"அன்னிக்கு மேப்புல எந்த இடத்துல ஒட்டினே?"

"பஸ் படத்து மேல. எனக்கு பஸ் ரொம்பப் பிடிக்கும்."

"அதுக்கு ஏன்டா சிவப்பு?"

"சிவப்பும் ரொம்பப் பிடிக்கும்!"

சனிக்கிழமை அம்மாவுக்கு வேலை முடியவே ஆறு மணியாகும். அதுவரை காத்திருக்க முடியாது. பட்டாணியின் கையைப் பிடித்துக்கொண்டு நானே நகர அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே திட்டப் பிரிவில் இருந்த மேடம் நான் சொன்னதையெல்லாம் கேட்டார். என் பொறுப்பில்லாத்தனத்தையும், காலித் தாளை ஒளித்ததையும் சேர்த்தே சொன்னேன்.

"நிஜமாவே இவன்தான் ஒட்டினானா?" என்றார்.

"ஒரு தாள் குடுத்துப் பாருங்க மேடம்."

மேடம் ஒரு சிவப்புத் தாளையும் ஒரு பச்சைத் தாளையும் நீட்டினார். "இந்த ரூம்ல உனக்குப் பிடிச்சது மேல ஒட்டு."

பட்டாணி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. சிவப்புத் தாளைப் பிடுங்கினான். மின்விசிறி சுவிட்சில் இரண்டு, தண்ணீர் குவளையில் மூன்று, மேடத்தின் கைக்கடிகாரத்தில் ஒன்று. மேடம் சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை.

"சரி, அந்த முப்பதையும் எடுத்துடறேன். ஆனா எடுத்துட்டா அங்க ஒரு வட்டம்கூட மிஞ்சாது. யாருக்கும் அந்த ஸ்டாப் மேல அக்கறை இல்லன்னுதானே நினைப்பாங்க?"

"அப்படி இல்ல மேடம்! நீங்க பத்து மணிக்குத் திறந்து அஞ்சு மணிக்கு மூடிடறீங்க. பஸ்ல போறவங்க எல்லாம் அந்த நேரத்துல வேலையில இருக்காங்க. அவங்க எப்படி வந்து ஒட்டுவாங்க?" ஒரு மூச்சு விட்டுவிட்டு, மனதில் பட்டதைச் சொன்னேன். "அவங்களால மேப் கிட்ட வர முடியாது. மேப்பை பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டு வரலாமே?"

மேடம் பேனாவை எடுத்து என்னவோ குறித்துக்கொண்டார்.

அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழுந்தது. அப்புறம் தலையில் ஒரு தடவலும் கிடைத்தது. டெய்லர் மாமாவிடமும் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் தையல் மிஷினை நிறுத்தினார். "நான் இல்லன்னு நீயாவது சொன்னியே" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவிலும் ஒருவர் விடாமல் போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கே மேடம் வரைபடத்தோடு நிறுத்தத்தில் நின்றார். ஆளுக்கு ஒரு வட்டம்தான், அதுவும் அவர் கையாலேயே கொடுப்பார். பட்டாணி இரண்டு கையையும் நீட்டினான். நான் இரண்டையும் பிடித்துக்கொண்டேன்.

வரிசை தெருப் பாதி வரை நீண்டது. டெய்லர் மாமாவின் முறை வந்தபோது எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அவர் ஒரு பச்சையை வாங்கி, பஸ் படத்தின் மேல் அழுத்தி ஒட்டினார்.

"சத்தத்தைத்தான் திட்டினேன், பஸ்ஸை இல்ல" என்றார். பால்கார அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே, "மாமா, ரெண்டு சட்டை தைக்கணும்" என்றார்.

அடுத்த வாரம் புது அறிவிப்பு வந்தது. ஒரே ஒரு வரி: இந்த நிறுத்தம் இதே இடத்தில் இருக்கும். நான் அதை மூன்று தடவை படித்தேன். சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கிய அம்மாவும் படித்தார். "அப்பாடா!" என்று நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் நெஞ்சிலிருந்தும் பெரிய பாரம் இறங்கியது.

"இருபது வருஷம் இங்கயே இருக்குமா? அப்போ எனக்கு எத்தனை வயசு?" என்றான் பட்டாணி.

"இருபத்தஞ்சு."

"அப்போ இந்த பஸ்ஸை நான்தான் ஓட்டுவேன்!"

டெய்லர் மாமா கடைக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "தாராளமா ஓட்டுடா ராஜா. என் கடை வந்ததும் ஹாரன்ல கை வைக்காதே, அது போதும்!"