கை தட்டக் கை தட்ட ஒரு கடத்தல்!

"ஐயோ... விடுங்கடா! யாராவது காப்பாத்துங்களேன்...!"

நாடாளுமன்றத்தின் நீண்ட நடைக்கூடம் அந்த அலறலில் அதிர்ந்தது.

வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேர், ஆளுங்கட்சி உறுப்பினர் கூச்சலாரை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

உறுப்பினர்கள் பார்த்தார்கள். நிருபர்கள் பார்த்தார்கள். பாதுகாப்பு இன்ஸ்பெக்டரும் பார்த்தாள்.

பார்த்துவிட்டு...

எல்லோரும் கை தட்டினார்கள்!

காரணம் இருந்தது. சபாநாயகராகப் போகிறவர் 'எனக்கு வேண்டாம்' என்று அடம் பிடிக்க வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் அவரை இழுத்துப் போய் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். அந்தச் சபையின் பழைய சம்பிரதாயம் அது. ஆசை அதிகம் உள்ளவர்தான் அதிகமாக அடம் பிடிப்பார் என்பது அங்கே ஊரறிந்த ரகசியம்.

இன்று தேர்தல். ஆளுங்கட்சி வேட்பாளர் கூச்சலார். ஒத்திகை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தாள் இன்ஸ்பெக்டர்.

"சார், சத்தம் பத்தல! இன்னும் கொஞ்சம் அழுங்க!" என்று உற்சாகம் வேறு கொடுத்தாள்.

நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆளுங்கட்சிக் கொறடா மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"எங்கம்மா எங்க வேட்பாளர்?"

"இப்பத்தானே சார் உங்க ஆளுங்க இழுத்துட்டுப் போனாங்க... ஒத்திகைக்கு!"

"ஒத்திகையா? இழுக்க வேண்டிய ரெண்டு பேரும் என் பின்னாடியே நிக்கிறாங்களேம்மா!"

நின்றார்கள். ஒருவர் பிஸ்கட் மென்றுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் நடைக்கூடத்தின் கோடிவரை எட்டிப் பார்த்தாள்.

"அப்போ... அவரை இழுத்துட்டுப் போனது யாரு?"

"என்னைக் கேட்டா? கை தட்டினது நீங்க! பேரை முன்மொழியறப்போ ஆள் சபைக்குள்ள இருந்தாகணும். இல்லேன்னா தலைவர் என் தோலை உரிச்சிடுவார். அதுக்கு முன்னாடி நான் உங்க தொப்பியைக் கழட்டிடுவேன்!"

கண்ணெதிரே நடந்த கடத்தலுக்குக் கை தட்டிய போலீஸ் அதிகாரி உலகத்திலேயே அவள் ஒருத்திதான். நிருபர்கள் படம் வேறு பிடித்திருந்தார்கள். டி.வி.யில் வந்தால் உத்தியோகம் அம்போ! 'நாற்காலிக்குக் காவல் காக்கறதுல என்னடி ஆபத்து?' என்று காலையில்தான் கணவன் கேலி செய்திருந்தான்.

ட்ரிங்... ட்ரிங்...!

கொறடாவின் போன்.

"எனக்கும் கேக்கற மாதிரி போடுங்க சார்!" என்றாள் இன்ஸ்பெக்டர்.

கரகரத்த குரல் ஒன்று பேசியது.

"உங்க வேட்பாளர் எங்ககிட்ட இருக்கார். உயிரோட வேணும்னா வேற ஆளை நிறுத்துங்க!"

கொறடாவுக்கு ரத்தம் கொதித்தது. பழக்க தோஷம், மேடைப் பேச்சே வந்துவிட்டது.

"மிரட்டலுக்குப் பணியற கட்சி இல்லடா இது! தலைவர் காட்டிய பாதையில், கொள்கைக்காக உயிரையும்..."

"உட்காருய்யா!"

போனில் பின்னாலிருந்து இன்னொரு குரல். டொக்! இணைப்பு அறுந்தது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சபைக்கே தெரிந்த சத்தம் அது! யார் பேச எழுந்தாலும் பின்வரிசையிலிருந்து கூச்சலார் போடும் சத்தம். பட்டப்பெயரே அதனால் வந்ததுதான். அதைக் கேட்டு இதுவரை ஒருத்தர்கூட உட்கார்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

"கடத்தினவங்க வாயைக் கட்டாமலா விட்டிருப்பாங்க?" என்ற இன்ஸ்பெக்டர் சட்டென்று குனிந்தாள். தேர்தலுக்காக அன்று காலைதான் தரைக்கு மெழுகு போட்டிருந்தார்கள்.

"சார், இழுத்துட்டுப் போனா குதிகால் தேய்ஞ்ச கோடு விழணும். இங்க பாருங்க... மூணு பேரும் ஜோரா நடந்து போயிருக்காங்க!"

ஷூ தடங்கள் லிஃப்ட்டைத் தாண்டி, திரைச்சீலைகளைத் துவைக்கும் சலவை அறையில் போய் முடிந்தன.

ஒரே உதை! கதவு திறந்தது.

துணி மூட்டை மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் கூச்சலார்! பக்கத்தில், போனில் கைக்குட்டை சுற்றியபடி அவருடைய மச்சினன். மூலையில் அவருடைய டிரைவர். இரண்டு பேருக்கும் வெள்ளைச் சட்டை!

"அப்பவே சொன்னேனே மாமா, வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு!" என்று தலையில் அடித்துக்கொண்டான் மச்சினன்.

கூச்சலார் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அம்மா தாயே, விட்டுடும்மா! சபாநாயகர் ஆனா விவாதத்துல பேசக் கூடாது. குறுக்க கத்தக் கூடாது. அப்புறம் நான் உசுரோட இருந்து என்னம்மா பிரயோஜனம்? தலைவர் பேச்சைத் தட்டவும் முடியல... அதான் என்னை நானே கடத்திக்கிட்டேன்!"

நிஜக் கண்ணீர்! இன்ஸ்பெக்டருக்குப் பாவமாகத்தான் இருந்தது.

அதற்குள் சபை கூடும் மணி அடித்துவிட்டது. பாவம் பார்த்தால் தொப்பி போய்விடும்!

"சார், அந்தக் கையை நீங்க பிடிங்க. இந்தக் கையை நான் பார்த்துக்கறேன்!"

இழுத்தார்கள்.

"ஐயோ, நிஜமாவே வேணாம்! சத்தியமா வேணாம்!"

இந்தத் தடவை மெழுகுத் தரையில் குதிகால் கோடு பளிச்சென்று விழுந்தது. நடைக்கூடம் முழுக்கக் கைதட்டல்! "என்ன நடிப்புய்யா!" என்று ஒரு நிருபர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொறடா முன்மொழிந்தார். எதிர்க்கட்சியாவது எதிர்க்குமா என்று ஏக்கத்தோடு பார்த்தார் கூச்சலார்.

எதிர்க்கட்சித் தலைவர் துள்ளி எழுந்தார். "வழிமொழிகிறேன்! இவர் வாய் அடங்கினால் எல்லோருக்கும் நிம்மதி!"

"எனக்குத் தகுதியே இல்லை!"

"என்ன அடக்கம்!" என்று மேஜையைத் தட்டினார்கள். அந்தச் சபையில் வேண்டாம் என்று சொல்வதுதான் சம்மதம்.

ஏகமனதாகத் தேர்வு! தூக்குமேடை ஏறியவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆளுங்கட்சித் தலைவர் வாழ்த்துரைக்க எழுந்தார். பேசினார்... பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார். கூச்சலாருக்கு நாக்கு அரித்தது. எவ்வளவு நேரம்தான் அடக்குவார், பாவம்!

"உட்காருய்யா!"

கொறடா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

தலைவர்...

உட்கார்ந்தார்!

சபாநாயகர் சொன்னால் யாராயிருந்தாலும் உட்கார்ந்தே ஆக வேண்டும். விதி அப்படி.

கூச்சலார் கண்ணைக் கசக்கிக்கொண்டார். என்ன இது என்று கேட்க எழுந்த எதிர்க்கட்சித் தலைவர் பக்கம் திரும்பினார்.

"நீயும் உட்காருய்யா!"

அவரும் உட்கார்ந்தார். கூச்சலாரின் முகம் மெல்ல மலர்ந்தது. நாற்காலியின் கைப்பிடியை ஆசையாகத் தடவிப் பார்த்தார்.

பிறகு விரலசைத்து இன்ஸ்பெக்டரை அழைத்தார். சபைக் காவல் இனி அவர் அதிகாரத்தில். அவளுடைய தொப்பியும்தான்! தொப்பியைப் பிடித்தபடி அருகே போனாள்.

"ஏம்மா, என்னை இழுத்துட்டு வந்தது நீதானே?"

"ஆ... ஆமா சார்."

கூச்சலார் குனிந்து, அவள் காதோடு சொன்னார்.

"இனிமே யாராவது என்னை இங்கேர்ந்து இழுத்துட்டுப் போக வந்தா, கை தட்டிக்கிட்டு நிக்காதே தாயே... சுட்டுடு!"