ஆறு நாற்பதுக்கு வந்தவள்

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தில், பூமிக்கு அடியில் இருக்கிறது எங்கள் சலவைப் பிரிவு. இருபத்திரண்டு படி இறங்க வேண்டும். இறங்க இறங்க வெளிச்சம் குறையும், பிளீச்சிங் வாடை ஏறும். ஐந்து பெரிய சலவை இயந்திரங்கள், துணி ஊறவைத்து அலசும் ஒரு சோடாத் தொட்டி, மூட்டை மூட்டையாய் வார்டுகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகள். ஏழு வருடமாக அதுதான் என் உலகம்.

கடைசிப் படி பக்கத்தில் சுவரில் ரேகை மெஷின். ஊழியர் எண்ணைத் தட்டிவிட்டுக் கட்டைவிரலை வைக்க வேண்டும். எனக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். சோடாவிலும் பிளீச்சிலும் ஊறி ஊறி என் விரல் ரேகையெல்லாம் தேய்ந்துவிட்டது. தோல் மட்டும் வெடித்துச் சொரசொரவென்று கிடக்கும். ஏப்ரன் ஓரத்தால் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்து, விரலில் எச்சில் தொட்டு, ஏழெட்டு முறை அழுத்தினால் மனமிரங்கிப் பச்சை காட்டும். இல்லையென்றால் சூப்பர்வைசரிடம் போய் நோட்டில் கையெழுத்து. நிமிடக் கணக்குப் பார்த்துத் திட்டுவதால் அவருக்குக் 'கடிகாரம்' என்று பெயர் வைத்திருந்தோம்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணைத் தட்டினேன். விரலை வைக்கும் முன்பே திரையில் எழுத்து வந்தது.

வருகை ஏற்கெனவே பதிவானது. நேரம் 6.40.

கடிகாரத்திடம் போய்ச் சொன்னேன். மனிதர் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சி.

"இன்னைக்குத்தான் வேளையோட வந்திருக்கீங்க. முதல் அழுத்துலயே ஏத்துக்கிட்டிருக்கு பாருங்க. வந்துட்டு எங்க போனீங்க, டீ குடிக்கவா?"

"சார், நான் இப்பதான் பஸ்ஸை விட்டு இறங்குறேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

மெஷின் பொய் சொல்லாதாம். நான்தான் சொல்வேனாம்.

செவ்வாய்க்கிழமையும் அதே 6.40. அன்று மத்தியானம் என் மொபைல் என்னை உள்ளே விட மறுத்தது. கடவுச்சொல் இன்று காலை மாற்றப்பட்டது என்றது. மாற்றியது யாரென்று கேட்டால், நானேதானாம்! என் கணவர் லாரி ஓட்டுகிறவர். சரக்கேற்றிக்கொண்டு போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். சாயங்காலம் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, ஒன்று விடாமல் கொட்டித் தீர்த்தேன்.

"ஏன் இப்படி எரிஞ்சு விழுறே?" என்றார். "மத்தியானம் எவ்வளவு அன்பாப் பேசினே. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு."

"மத்தியானம் நான் பேசவே இல்லைங்க."

"விளையாடாதே. வாண்டு எத்தனை மணிக்குத் தூங்குவா, எந்தப் பாட்டுக்குத் தூங்குவான்னு நீதானே கேட்டே? பெத்தவளுக்கே மறந்து போச்சான்னு சிரிச்சேனே."

வாண்டு எங்கள் மகள். நான்கு வயது. போனை வைத்துவிட்டு நேரே அண்ணனிடம் ஓடினேன்.

அண்ணன் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். விஷயத்தைக் கேட்டதும் அவன் பதறவில்லை. தினம் நாலு பேர் இந்தப் புகாரோடு வருகிறார்களாம்.

"எவளோ உன் அடையாளத்தைத் திருடிட்டா. பயந்து உக்காந்தா வேலைக்காகாது. மொபைல் கம்பெனி ஹெல்ப்லைனுக்குப் போன் பண்ணி எல்லாத்தையும் முடக்கு. அடையாள அட்டை ஆபீஸ்ல ரேகையைப் பூட்டச் சொல்லு. போலீஸ்ல எழுதிக் குடுத்துப் புகார் நம்பர் வாங்கு. வாய்வார்த்தையா எதையும் விடாதே, எல்லாத்துக்கும் எழுத்துல பதில் கேளு. ஆஸ்பத்திரியில கேமரா இருக்குல்ல? அந்தப் பதிவு அழியறதுக்குள்ள பாரு."

நல்ல யோசனைதான். புதன்கிழமை லீவு போட்டுவிட்டு நாய் படாத பாடு பட்டேன்.

ஹெல்ப்லைனில் தேன் ஒழுகும் குரலில் ஒரு பெண். "உங்க பாதுகாப்புக் கேள்வி, மேடம். சின்ன வயசுல நீங்க ரொம்ப ஆசைப்பட்ட பொருள் எது?"

பொம்மை என்றேன். தவறு. கொலுசு. தவறு.

"மேடம், இன்னைக்குக் காலையில சரியாச் சொன்னீங்களே!"

"காலையில நான் பேசலம்மா. சரி, என்னன்னு சொன்னேன்?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை, மேடம். உங்க பாதுகாப்புக்காகத்தான்."

பஸ்ஸில் போகும்போது ஞாபகம் வந்தது. மஞ்சள் குடை. பக்கத்து வீட்டுப் பெண்ணின் மஞ்சள் குடைக்காக ஒரு மழைக்காலம் முழுக்க ஏங்கியிருக்கிறேன். கட்டிய கணவருக்குக்கூட அதைச் சொன்னதில்லை. அதைப் போனில் சொன்னவள் யார்?

அடையாள அட்டை அலுவலகத்தில் மூன்று மணி நேரம் வரிசை. கண்ணாடி போட்ட அதிகாரி நிதானமாகச் சொன்னார்: "ரேகையைப் பூட்டணும்னா, அது உங்க ரேகைதான்னு முதல்ல விரல் வச்சுக் காட்டணும்."

கட்டைவிரல் சிவப்பு. ஆள்காட்டி விரல் சிவப்பு. பத்து விரலும் சிவப்பு.

"உங்களுக்கு ரேகையே இல்லையேம்மா."

"இருந்துச்சு சார். ஏழு வருஷமாத் துணி அலசி அலசித் தேஞ்சு போச்சு."

"தேஞ்சது எங்க போச்சு?" என்றார், சும்மா ஒரு பேச்சுக்கு. சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு எழுந்து வந்தது. எங்கே போகும்? அந்தத் தொட்டித் தண்ணீரில்தான் போயிருக்கும்.

போலீஸ் ஸ்டேஷனில் எழுதுகிறவர் பேனாவைத் திறந்தார். "என்ன காணாமப் போச்சு?"

"ஒண்ணும் காணாமப் போகல சார். ஒரு ஆள் கூடுதலா இருக்கு."

அவர் பேனாவை மூடிவிட்டார்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யாரிடமும் நான் பொய் சொல்லவில்லை, எதையும் இனாமாகக் கேட்கவில்லை. நான் நான்தான் என்று சொன்னேன், அவ்வளவுதான். அதற்கு எத்தனை கையெழுத்து, எத்தனை கும்பிடு! அந்த வேகத்தில்தான் வாண்டுவின் காப்பகத்துக்குப் போனேன். குழந்தையை எடுக்க அங்கேயும் ஒரு ரேகை மெஷின் உண்டு. விரலில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு போனால் ஐந்தாவது ஆறாவது தடவையில் எப்படியும் பச்சை காட்டும். காட்டாத நாளில், "தெரிஞ்ச முகம்தானே, போங்க" என்று விட்டுவிடுவார் ஆயா. அந்தத் தெரிந்த முகம்தான் இப்போது எனக்குப் பயமாக இருந்தது. அண்ணன் சொன்னபடி எழுத்தில் கொடுத்தேன்.

ரேகை பொருந்தினால் மட்டுமே என் குழந்தையைக் கொடுக்க வேண்டும். முகத்தைப் பார்த்து, என் முகமாகவே இருந்தாலும், கொடுக்கக் கூடாது.

ஆயா படித்துப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கே கஷ்டமாயிடும்மா."

"பரவாயில்ல. கறாரா இருங்க."

அன்றைக்கு உருப்படியாக ஒரு காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. வாண்டுவைக் காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மெஷினில் அதே 6.40. பத்து மணிக்குக் காவலாளியிடம் கெஞ்சி, கீழேயே இருந்த அவர் அறையில் அன்றைய கேமராப் பதிவைப் பார்த்தேன். மின்விசிறி கிறீச் கிறீச்சென்று சுற்றிக்கொண்டிருந்தது. திரையில் எங்கள் நடைக்கூடம், படிக்கட்டு, மெஷின். ஆளில்லை.

6.38. படிக்கட்டு வெறிச்சென்று கிடந்தது.

6.39. ஒருத்தி வந்தாள்.

படி வழியாக வரவில்லை. எதிர்ப்பக்கம், சலவை அறைக்குள்ளிருந்து வந்தாள்.

"இந்தா, வந்துட்டீங்களே," என்றார் காவலாளி. "நீங்கதானே இது?"

அதே ஏப்ரன், அதே கொண்டை. கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் நடந்த தரையெல்லாம் ஈரம்.

"அண்ணே, அந்த அறையை ராத்திரி வெளிய பூட்டி, சாவியைச் சூப்பர்வைசர் எடுத்துட்டுப் போறாரு. ஏழு மணிக்குத்தான் திறக்குறாரு. நான் எப்படி உள்ள இருந்து வருவேன்?"

"அதை நீங்கதாம்மா சொல்லணும்."

திரையில் அவள் ஏப்ரன் ஓரத்தால் கண்ணாடியைத் துடைத்தாள். இரண்டு தடவை. என்னைப் போலவே. விரலை வைத்தாள்.

பச்சை.

முதல் அழுத்திலேயே.

பிறகு அங்கேயே நின்று, தன் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். புது வளையல் போட்டவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அப்படி.

என் ரேகை அவளிடம் இருக்கிறது. முகமும் இருக்கிறது. முகத்தை நம்பாதீர்கள், ரேகையை நம்புங்கள் என்று நேற்றுத்தான் நானே என் கைப்பட எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

இருபத்திரண்டு படியும் எப்படி ஏறினேனோ தெரியாது. காப்பகத்துக்கு ஓடினேன். வாசலிலேயே ஆயா சிரித்தார்.

"என்னம்மா, எதையாவது மறந்துட்டீங்களா? இப்பத்தானே வாண்டுவைக் கூட்டிட்டுப் போனீங்க, கால் மணி நேரம்கூட ஆகல."

"ரேகை வச்சாளா?"

"வச்சாளாவா? நீங்கதானேம்மா வச்சீங்க. முதல் தடவையே பச்சை. நானே அசந்துட்டேன்."

"நான் இல்ல ஆயா. நான் அவ இல்ல!"

அவர் முகத்தில் சிரிப்பு போய் ஒரு சந்தேகம் வந்தது. அவர் சந்தேகப்பட்டது அவளை அல்ல, என்னை. மெஷினைக் காட்டி, "அப்ப விரலை வைங்க பார்ப்போம்," என்றார்.

வைத்தேன். சிவப்பு.

அந்த இடத்தில் மேற்கொண்டு பேசிப் பிரயோஜனமில்லை. வீட்டுக்கு ஓடினேன்.

கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே பிளீச்சிங் வாடை. வாசலிலிருந்து கூடம் வரை தரை ஈரம். கூடத்தின் நடுவில் வாண்டு உட்கார்ந்திருந்தாள். தலைக்குக் குளிப்பாட்டி, சலவைச் சட்டை போட்டு, வகிடெடுத்து வாரி விட்டிருந்தது. வேறு யாரும் இல்லை. கட்டிலுக்கு அடியில், குளியலறையில், பரணில் எல்லாம் பார்த்தேன். யாருமே இல்லை.

வாரி அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அவள் அழவில்லை. எங்கே போனாய், யார் கூட்டிப் போனது என்று கேட்டேன். பதில் இல்லை. பயந்து போயிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அண்ணன் வந்து வாசல் பூட்டை மாற்றிக் கொடுத்தான். "குழந்தை கிடைச்சிருச்சுல்ல? மத்ததைப் பொறுமையாப் பார்த்துக்கலாம்," என்றான். அதுதான் சரி என்று எனக்கும் பட்டது. வேலையும் வேண்டாம், காப்பகமும் வேண்டாம். என் பெயர், எண், ரேகை எல்லாவற்றையும் அவளே வைத்துக்கொள்ளட்டும். என் பிள்ளை என் மடியில் இருக்கிறாள், அது போதும். இரவெல்லாம் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டே கிடந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னல் வழியே நல்ல வெயில். வாண்டு என் மடியில் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவசரத்துக்கு என்று அண்ணன் கொடுத்திருந்த பழைய போன் அடித்தது. அந்த எண்ணை முந்தின நாள் சாயங்காலமே காப்பகத்துக்குத் தெரிவித்திருந்தான்.

"அம்மா, காப்பகத்து ஆயா பேசுறேன். கொஞ்சம் வர முடியுமா?"

"இன்னைக்கு வரல ஆயா. வாண்டுவை இனிமே அனுப்பப் போறதில்ல."

"என்னம்மா சொல்றீங்க? எட்டு பத்துக்கு நீங்கதானே கொண்டுவந்து விட்டீங்க."

மடியில் இருந்தவளைக் குனிந்து பார்த்தேன்.

"விட்டதுல இருந்து ஒரே அழுகை. நேத்து முழுக்க எங்கேயோ இருட்டுல இருந்தாளாம். தண்ணி சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். கேட்டா என்னென்னவோ சொல்றா. கூட்டிட்டு வந்த அம்மா வேணாமாம்."

"யாரு வேணுமாம்?"

"'அந்த அம்மா கை வழவழன்னு இருக்கு, அது எங்க அம்மா இல்ல. கை சொரசொரன்னு இருக்குற அம்மாவைக் கூப்பிடு'ன்னு சொல்லி அழுறா. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க வந்து பாருங்க. ஆனா, விரல் வச்சாத்தான் குடுப்பேன், நீங்க எழுதிக் குடுத்தது இருக்கு."

"இதோ வரேன்," என்று எழப் போனேன்.

எழ முடியவில்லை.

என் கழுத்தைக் கட்டியிருந்த இரண்டு சின்னக் கைகளும் மெல்ல இறுகின. அவை ஈரமாக இருந்தன.

"ஹலோ, கேக்குதாம்மா?" என்றார் ஆயா.

கேட்டது. போனில் என் மகள் அழுதுகொண்டிருந்தாள்.