சுருங்காத மூன்று விரல்கள்

2024 ஜூன் 11, செவ்வாய்.

தேநீர் கொட்டிக் குழந்தை வெந்ததாக நேற்று அவசரத்தில் எழுதிவிட்டேன். பிழை. குளிப்பாட்ட வைத்த தண்ணீரில்தான் வெந்தது. எனக்கு அக்கா போன்ற பக்கத்து வீட்டு அம்றா தாத்தாவின் ஏழு மாத மகள், இரண்டு கால்களும். உயிருக்கு ஆபத்தில்லை.

தண்ணீர் கலந்தவர் இரத்தோட்டையிலிருந்து வேலைக்கு வரும் அந்தோனியம்மா. குழந்தையின் வாப்பா, அம்றா தாத்தாவின் கணவர் ஹாஷிம் நானா, வழக்கம்போல வலக் கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நனைத்துப் பார்த்து, "சரி" என்றுவிட்டுத் துவாய் எடுக்கப் போனார். அந்தோனியம்மா குழந்தையின் கால்களை இறக்கினார். அலறல்.

ஹாஷிம் நானா போன பிறகு அந்தோனியம்மா மேலும் சுடுதண்ணீர் ஊற்றியிருப்பார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இன்று காலை பொலிஸ் வந்து அந்தோனியம்மாவைக் கூட்டிப்போனது.

"மாதா சத்தியமா ஊத்தல்லம்மா" என்றார் போகும்போது.

"சத்தியத்த பொலிசுல போய்ப் பண்ணு" என்றார் அம்றா தாத்தா.

மாலை 4.00. ஆஸ்பத்திரிக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனேன். ஹாஷிம் நானா வெகுநேரமாகக் குழந்தையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தார். பார்சலை வாங்கிய இடக் கை முழுதும் ஊறிச் சுருங்கியிருந்தது. வலக் கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் மட்டும். மற்ற மூன்றும் வழவழவென்றிருந்தன.

நரம்பு அறுந்த விரல் தண்ணீரில் சுருங்காது என்று மாலை நேர உயிரியல் வகுப்பில் படித்திருக்கிறேன். போன வருடம் வேன் கண்ணாடி அவர் வலது மணிக்கட்டை அறுத்தது, கண்டியில் தைத்தார்கள். வெட்டுக்கு அப்பால் நரம்பு செத்துவிடும். மேலிருந்து புது இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில்தான் வளரும். வழி தவறியும் போகும். சரியாகத்தான் நினைவிருக்கிறதா? சோதித்துப் பார்த்தேன்.

"நானா, விரல்ல உணர்வு வந்துட்டுதா?"

"முழுசா வந்துட்டுது. கராம்பு மூட்ட தூக்குறேனே! டாக்டரம்மா ஆகிட்டீங்களோ?"

"கண்ண மூடுங்க. ஒன்னு வைப்பேன், என்னன்னு சொல்லுங்க."

மூடினார். சற்று நேரம் கழித்து, "வைங்களேன், நஸ்மியா" என்றார்.

குழந்தையின் காலுறை ஏற்கெனவே அந்த மூன்று விரல்கள்மேல் கிடந்தது.

கண்ணைத் திறந்து அதைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பிடி வந்திருக்கு நானா, உணர்வு வரல்ல. இந்த விரலாலதானே தண்ணியப் பாத்தீங்க? அந்தோனியம்மா ஊத்தல்ல. கலக்கும்போதே கொதிச்சிருக்கு."

"எனக்குச் சுடல்ல" என்றார். "சுடவே இல்ல. உணர்வு வரல்லன்னு சொன்னா அம்றா புள்ளையத் தூக்க விடமாட்டா. அதான்..."

வார்டு வாசலில் அம்றா தாத்தா கேட்டபடி நின்றிருந்தார். வந்து காலுறையை எடுத்துக்கொண்டார்.

"பொலிசுல போய்ச் சொல்லுங்க. புள்ளையோட நான் நிக்கிறேன்."

பொலிசுக்குப் போன் செய்தோம். வாக்குமூலம் காலையில்தான் எடுப்பார்களாம்.

நாளை எட்டு மணிக்கு ஹாஷிம் நானாவுடன் போக வேண்டும். அந்தோனியம்மாவுக்கு ஒரு மாற்றுச் சேலை கொண்டுபோக வேண்டும்.