அழகையாவின் கயிறு

பௌர்ணமி விடுமுறையான போயா தினம் என்பதால் பதுளை பஜார் மூடிக் கிடந்தது. அதனால்தான் வேலையை அன்றைக்கு வைத்தார்கள். கடைகளுக்குப் பின்னால் போகும் ஒழுங்கைக்கு அடியில் வெள்ளைக்காரன் காலத்து மலக்குழாய் ஒன்று ஓடுகிறது. அதைத் தோண்டி எடுக்காமல், உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையைச் செலுத்தி, சுடுநீர் பாய்ச்சி இறுக்கிவிடுவது எங்கள் வேலை. உறை இறுகிவிட்டால் பழைய குழாயை இனி எவனும் பார்க்க முடியாது. நான் நப்ரீஸ், குழாய்க்குள் கெமரா ஓட்டுகிறவன். பேய் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டிருந்தவன்.

காலையிலேயே பனிமூட்டம். குழாய்க்கு இறங்கும் குழியின் மூடியைத் திறந்ததும் கிளம்பிய வாடை அந்த ஈரக் காற்றில் அப்படியே நின்றது.

ஒழுங்கையைக் கூட்டும் தயானி அக்கா விளக்குமாற்றோடு வந்து கெமராத் திரைக்கு முன்னால் நின்றாள். அவள் புருஷன் அழகையா ஆறு வருஷத்துக்கு முன் இதே குழாயில் அடைப்பு எடுக்க இறங்கினான். மலையில் பெய்த மழை ஒரேயடியாக வந்து அவனை அடித்துக்கொண்டு போனது. உடல் கிடைக்கவில்லை. வேலையை விட்டு ஓடிவிட்டான் என்று அன்றைக்கு வேலையை ஏலத்தில் எடுத்திருந்த கொந்தராத்துக்காரன் கதையை முடித்தான். செத்தவனை ஓடவைப்பது இவர்களுக்குக் கைவந்த கலை.

"ஒரு எலும்பாவது காட்டுங்க தம்பி," என்றாள். "கருமாதிய செஞ்சிட்டு பொட்ட அழிச்சிடுறேன். லயத்து வீடுகள்ல ஒருத்தி சுமங்கலிங்கிறா, ஒருத்தி முண்டச்சிங்கிறா. ரெண்டுல ஒண்ணாவது ஆகிட்டுப் போறேன்."

கெமரா ஊர்ந்தது. வேர்கள், கறுப்புத் தண்ணீர், பிறகு ஒரு நீலக் கயிறு. அதன் ஒரு முனை குழாயின் உடைந்த பக்கத்துக்குள் புகுந்து மண்ணில் மறைந்திருந்தது. மறுமுனை நாங்கள் திறந்த குழி வரை வந்திருந்தது.

"அழகையாட கயிறு," என்றான் எங்களோடு வேலை செய்யும் புவனேந்திரன். அழகையா இறங்கிய அன்றைக்கு மேலே நின்று கயிற்றைப் பிடித்தவன் அவன். கயிறு அறுத்த தழும்பு இன்னும் அவன் உள்ளங்கையில் இருக்கிறது.

"சேர், தோண்டிப் பாப்போம்," என்று மேற்பார்வையாளர் ஆகிலிடம் கெஞ்சினேன்.

"புது கார்பெட் ரோட்ட வெட்டச் சொல்றியா? யாரு பதில் சொல்றது? அது குப்பை. உறைய விடுங்க."

குழிக்குள் இறங்கியவனோடு கயிற்றால்தான் பேச்சு. மேலே இருப்பவன் ஒருமுறை சுண்டினால், சுகமா என்று அர்த்தம். கீழிருந்து ஒருமுறை சுண்டினால் சுகம். இரண்டு முறை என்றால், தூக்கு.

புவனேந்திரன் கொக்கியால் முனையை மேலே எடுத்தான். கயிறு கைக்கு வந்ததும், பழக்கதோஷம், ஒருமுறை சுண்டிவிட்டான்.

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டான்.

கயிறு சுண்டியது.

ஒருமுறைதான் என்று நினைத்தோம்.

மறுபடியும் சுண்டியது.

"தூக்கச் சொல்றான்டா," என்று கிசுகிசுத்தான் புவனேந்திரன். அவன் உதடு வெளிறிப் போயிருந்தது.

எல்லோரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு அசையவில்லை. "தண்ணி இழுக்குது, வேற ஒண்டுமில்ல," என்றார் ஆகில். திரையில் தண்ணீர் தேங்கி நின்றது. அதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

உறை உள்ளே போனது. சுடுநீர் பாய்ந்தது. புவனேந்திரன் கையில் கயிறு துடித்தது.

இரண்டு.

இரண்டு.

இரண்டு.

தயானி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். உறை இறுகியதும் கயிறு நின்றது. முனையை வெட்டச் சொன்னார் ஆகில். புவனேந்திரனுக்கு மனம் வரவில்லை. மூடியின் ஓட்டை வழியாக ஒரு சாண் கயிற்றை வெளியே விட்டு மூடினான். மறுநாள் அவன் வேலைக்கு வரவில்லை.

சில வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். அக்கா மூடிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். முன்னைவிடப் பெரிய பொட்டு.

"கருமாதி முடிஞ்சுதா அக்கா?"

கயிற்றை ஒருமுறை சுண்டினாள். காத்திருந்தாள். அவள் விரல்கள் இரண்டு முறை அதிர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"பதில் சொல்ற மனுசனுக்கு எப்பிடி தம்பி கருமாதி செய்றது?"

இறுகிய உறைக்கும் பழைய குழாய்க்கும் நடுவே மாட்டிய கயிறு ஒரு நூல்கூட நகராது. இது என் தொழில், எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் மடியில் நீலக் கயிறு சுருள் சுருளாகக் குவிந்திருந்தது. அத்தனையும் ஈரம்.