பதில் வந்த இடமெல்லாம்

சமையலறையில் மாட்டுக் கொட்டில் மணந்தது.

இம்மாகுலேற் முதலில் பால் பொங்கி வழிந்துவிட்டதென்று நினைத்தாள். அடுப்பு அணைந்திருந்தது. பின் ஜன்னலைத் திறந்தாள். இல்ஃபோர்டின் அந்த வரிசை வீடுகளுக்குப் பின்னால் வழக்கம்போலக் குப்பைத் தொட்டிகளும் மழையில் ஊறிய ஒரு மெத்தையும்தான் கிடந்தன. ஆனால் மணம் அங்கிருந்துதான் வந்தது. புழுங்கிய புல், ஈரத் தோல், கறந்த சூடு ஆறாத பால். மூன்று வருடங்களுக்கு முன் சுவிஸை விட்டு வந்தபோது, உடுப்புகளிலிருந்து போக்க அவள் திரும்பத் திரும்பத் தோய்த்த மணம்.

பிற்பகல் மூன்றரை மணி. டிசம்பர் வெளிச்சம் அப்போதே சாம்பலாகிக்கொண்டிருந்தது.

"இசபெல்!"

"வாட்?" மேல்மாடியிலிருந்து குரல் வந்தது.

"வாட் இல்லை. கூப்பிட்டா ஓம் எண்டு சொல்லோணும். எத்தினை தரம் சொல்லுறது?"

"ஓம், அம்மா," என்று எட்டு வயது மகள் இழுத்துப் பாடிக்கொண்டே இறங்கி வந்தாள்.

மேசையில் அவளுடைய பள்ளிக்கூட வேலை கிடந்தது. தலைப்பு, 'என் ஊர்'. வகுப்பில் மற்றத் தமிழ்ப் பிள்ளைகள் யாழ்ப்பாணம், மன்னார் என்று எழுத, இவள் மட்டும் பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு நின்றிருந்தாள். சுவிஸ் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் இருக்காது. எந்த ஊர் உங்களைத் தன் ஆளாக ஏற்றதோ, அந்த ஊரின் பெயர்தான் இருக்கும். இவளுடையதில் ஷாட்டன்ரீட்.

"யாழ்ப்பாணம் எண்டு எங்க எழுதிக் கிடக்கு? காட்டுங்கோ பாப்பம்," என்று அவள் கேட்டபோது, "வாய்க்காரி" என்று சிரித்து, அலுமாரியிலிருந்த ஷாட்டன்ரீட் ஊர்ப் புத்தகத்தை எடுத்து வாசித்துக் காட்டியது இம்மாகுலேற்தான்.

பதினொரு பண்ணை வீடுகள். மூன்று பக்கமும் பாறை. ஒரு ஓடை, ஒரு மாதா கோயில், வெளியே போக ஒரே தெரு. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடியும்வரை வெயில் விழாத பள்ளம். அங்கேதான் அவளுடைய கணவன் கிறிஸ்துராஜா ஒன்பது வருடம் மாடு கறந்தான்; ஒவ்வொரு இலையுதிர் காலமும், கழுத்தில் பெரிய மணி கட்டிய மாடுகளை மலையிலிருந்து ஊருக்கு இறக்கினான். முன்னொரு காலத்தில் பனிச்சரிவு எல்லைக் கற்களையெல்லாம் மூடிவிட, பக்கத்து ஊரோடு மேய்ச்சல் நிலத்துக்குத் தகராறு வந்ததாம். மாட்டுக்காரன் ஒருவன் பாறையில் ஏறி, பால் ஊற்றும் மரப்புனலை வாயில் வைத்து மாலைச் செபத்தைக் கூவினான். பதில் வந்த இடமெல்லாம் கல் நட்டார்கள். அதுவரை ஊர். பதில் சொன்னவர்கள் ஊராட்கள்.

'சில இடங்களில் பனிக்கு அடியிலிருந்தும் பதில் வந்தது,' என்றது புத்தகம். 'அங்கேயும் கல் நட்டோம்.'

இசபெலின் கையில் மட்டையைச் சுருட்டி ஒட்டிய புனல் ஒன்று இருந்தது.

"இது என்ன?"

"நாளைக்கு வகுப்பில கூவிக் காட்டோணும். நேற்று ஜன்னலால கூவிப் பாத்தனான். நல்லாக் கேட்டது." மகள் தோளைக் குலுக்கினாள். "ஆரோ திருப்பிக் கூவினவை."

"ஆர்?"

"தெரியா. தூரத்தில." அவள் புனலோடு மறுபடி மேலே ஓடினாள்.

இம்மாகுலேற் கணவனுக்கு அழைத்தாள். விமான நிலையத்தில் ஷிப்ட் இடைவேளையில் இருந்தான்.

"இஞ்சருங்கோ, வீடெல்லாம் மாட்டு மணம்."

"எங்கட மாடுகள் தேடி வந்திட்டுதாக்கும். நல்லாத் தீனி வைச்சு விடும்," என்று சிரித்தான்.

அவள் புனலைப் பற்றிச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

"புத்தகத்தில இருக்கிற செபத்தையோ? முழுசாக் கூவினவளோ?"

அப்போது அது கேட்டது. மிகத் தொலைவில், ரயில் பாதைக்கும் அப்பால், மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல் அடைத்த ஓர் ஆண் குரல். சொற்கள் புரியவில்லை. ஒவ்வொரு அடியின் முடிவும் நீண்டு, பாறையில் முட்டித் திரும்புவதுபோல் திரும்பி வந்தது. இல்ஃபோர்டில் பாறை இல்லை. முன் ஜன்னல் இருண்டது. எதிர்வரிசை வீடுகளின் கூரைக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், கறுப்பாக ஏதோ உயர்ந்து நின்றது.

"கேக்குது," என்றாள்.

"இம்மா, கவனமாக் கேளும். நானும் அங்க ஒருக்காக் கேட்டனான். கூவி முடிய ஒரு அமைதி வரும். அதுக்குள்ள ஆரும் வாய் திறக்கப்படாது. ஒரு சொல்லும். பிள்ளையின்ர வாயைப் பொத்தும், ஓடும்."

ஓடினாள். படிகள் குளிர்ந்திருந்தன. கைபிடியில் ஈரம். செபத்தின் கடைசி அடி நீண்டது. இன்னும் நீண்டது.

முடிந்தது.

அமைதி. கார்கள் இல்லை. காற்று இல்லை.

அறைக் கதவைத் தள்ளினாள். ஜன்னல் அகலத் திறந்திருந்தது. இசபெல் கட்டிலில் முழங்காலிட்டு, இடுப்புவரை வெளியே சாய்ந்து, புனலை வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

எட்டிப் பிடிக்க நான்கு அடி தூரம்.

"இசபெல்!"

கத்திய பிறகுதான் தன் குரல் அவளுக்கே கேட்டது.

மகள் புனலை இறக்கினாள். திரும்பினாள். நல்ல பிள்ளையாக, சொல்லித் தந்தபடியே, தெளிவாகச் சொன்னாள்.

"ஓம், அம்மா."

அந்தச் சொல் ஜன்னலால் வெளியே போனது. எதிரே முட்டியது. திரும்பி வந்தது.

ஓம்.

கீழே, வாசற்படியில், கனமான ஏதோ ஒன்று நிலத்தில் இறங்கியது. ஒரு அடி. இன்னொரு அடி. கல்லை நடுகிற சத்தம்.

கையிலிருந்த போனில் கிறிஸ்துராஜாவின் குரல் மெல்லியதாகக் கேட்டது. "ஆர் பதில் சொன்னது? இம்மா? ஆர் சொன்னது?"

அவள் மகளைக் கட்டிப் பிடித்தாள். இறுக்கி. பள்ளிக்கூட ஸ்வெட்டரில் புல் மணந்தது. தலைமுடியில் பால் மணந்தது. தோளுக்கு மேலாக ஜன்னல் தெரிந்தது. தெரு இல்லை. பனி. பாறைக்கு அடியில் பதினொரு வெளிச்சங்கள். எல்லா வாசல்களிலும் ஆட்கள், இந்த ஜன்னலைப் பார்த்தபடி.

"விடுங்கோ அம்மா," என்றாள் இசபெல் அமைதியாக. "மாடு இறக்குகினம்."

கைகளுக்குள்ளிருந்து அவள் நழுவினாள். அறையைக் கடந்தாள். படியிறங்கத் தொடங்கினாள். அவளுடைய கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தலை முன்னால் தொங்கியது, பெரிய பாரம் ஒன்றைச் சுமப்பதுபோல. ஒவ்வொரு படிக்கும் மணி அடித்தது.