இரவல் குரலுக்கு ஒரு பிணம்

டெலிபோன் அலறியது.

பன்யுவாங்கியில், சித்தி வீட்டுச் சமையலறையில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த விந்தா சஃபிரா கையைத் துடைத்துவிட்டு ஓடிவந்து ரிசீவரை எடுத்தாள்.

"ஹலோ... யாரு?"

மறுமுனையில் ஒரு வீறிடல்!

"விந்தா..? நீயா... நீயா பேசறே?"

சுரபாயாவில் அவளுக்கு மேடை உடுப்பு தைத்துக் கொடுக்கும் யுலி.

"நான்தான். சித்தி சந்தைக்குப் போயிருக்கா. ஏன் அக்கா இப்படிக் கத்தறீங்க?"

"உன் சித்திக்குத் துக்கம் சொல்லலாம்னு போன் பண்ணேன்டி... எடுத்தது நீ!"

"துக்கமா? யார் செத்தா?"

"நீதான்!"

விந்தா சிரித்துவிட்டாள்.

"சிரிக்காதே! ரேடியோவுல சொல்லிக்கிட்டே இருக்கான். பாச்செட் மலை வளைவுல உன் சிவப்பு கார் உருண்டு, எரிஞ்சு... உள்ளே இருந்த உடம்பு கரிக்கட்டை! உன் முதலாளி குஸ்நாதிதான் மோதிரத்தைப் பார்த்து நீதான்னு சொன்னாராம். நேத்தே அடக்கம் பண்ணியாச்சு!"

சிரிப்பு நின்றது.

கிழக்கு ஜாவாவில் கல்யாண வீடு என்றால் டாங்டுட் பாட்டு. டாங்டுட் என்றால் விந்தா சஃபிரா. அவளைப் பத்து நாள் ஊரை விட்டுத் தள்ளியிரு, ஓய்வெடு என்று அனுப்பியவர் குஸ்நாதி. காரைப் பழுது பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டவர் அவர். அட்டைப் படத்துக்கு வேண்டும் என்று மோதிரத்தைக் கழற்றி வாங்கியவரும் அவரே!

எல்லாரும் மரியாதையாக 'பாக்', ஐயா, என்று அழைக்கும் குஸ்நாதியின் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு எண்களைச் சுழற்றினாள்.

"பாக்! நான் செத்துட்டேனாமே?"

கிராம்பு சிகரெட்டை இழுக்கும் சத்தம். பிறகு நிதானமாக...

"ஆமா. நல்லாயிருக்கியா?"

"என்ன பாக் இது?"

"விளம்பரம், குழந்தே! 'விந்தாவின் கடைசிக் கேசட்'. வாசல்ல கடைக்காரங்க அடிச்சுக்கறாங்க. நீ உயிரோட இருந்தப்போ ஒருத்தன் அடிச்சுக்கலையே?"

"அந்தப் பிணம் யாரு?"

"ஏதோ அநாதைப் பிணம். ஆஸ்பத்திரியில பிடிச்சேன்."

"நான் இப்பவே சுரபாயா வரேன்! இந்தக் கூத்தை..."

"வந்து? உயிரோட வந்தா மேடை ஏறணும். மேடை ஏறினா பாடணும். பாடறியா, விந்தா? எங்கே, ஒரு வரி பாடிக் காட்டு!"

உலகத்துக்குத் தெரியாத உண்மை அது... விந்தாவுக்குப் பாட வராது!

இடுப்பு அவளுடையது. ஆட்டம் அவளுடையது. குரல்..? சுலியாவுடையது. ஒன்பது வருடமாகக் கேசட்டில் பாடியவள் சுலியா. மேடையிலும் கறுப்புத் திரைக்குப் பின்னால் நின்று பாடியவள் சுலியா. குட்டையாய், தடித்த கண்ணாடியோடு இருந்த அவளை, 'இந்த மூஞ்சிக்கு எவன் கேசட் வாங்குவான்?' என்று குஸ்நாதி திரைக்குப் பின்னால் தள்ளினார். திரைக்கு முன்னால் விந்தா வாயசைத்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. நாளைக்கு ராத்திரி நானே காரெடுத்துட்டு வரேன். வீட்டுல தனியா இரு!"

லைன் செத்தது.

தனியா இரு. அந்த இரண்டு சொல் அவள் முதுகில் பனிக்கட்டியாய் இறங்கியது.

அடுத்து சுலியாவின் வீட்டுக்குப் போட்டாள். எடுத்தவன் அவளுடைய கணவன் ரொக்கிம். யார் பேசுவது என்று அவள் சொன்னதும் அலறினான்.

"அக்கா..! அப்போ ரேடியோல சொன்னது பொய்யா? சுலியா உங்ககூட இருக்காளா? உங்ககூட வெளியூர்க் கச்சேரிக்குப் போயிருக்கான்னு முதலாளி சொன்னாரே!"

"என்கூட இல்லை ரொக்கிம். கடைசியா எங்கே போனா?"

"முதலாளியைப் பார்க்கத்தான். பாஸுருவான்ல ஒரு கம்பெனி அவளை அவ சொந்தப் பேர்லயே பாடச் சொல்லிக் கூப்பிட்டாங்க. போஸ்டர்ல என் பேர் வரப் போகுதுன்னு ராத்திரியெல்லாம் தூங்கலை. சொல்லாமப் போனா மரியாதை இல்லைன்னு... சொல்லிட்டு வரேன்னு போனாக்கா!"

விந்தா ரிசீவரை வைத்தாள்.

அநாதைப் பிணமா..? யார் அநாதை?

சமையலறைக்குப் போய், அரைத்த மிளகாயைச் சின்னக் கல்சட்டியோடு தூக்கிச் சுவரில் அடித்தாள். சிவப்பாய் வழிந்தது. சித்தி வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடினாள்.

மறுநாள் பகல். சுரபாயா.

குஸ்நாதியின் ஒலிப்பதிவுக் கூட முற்றத்தில் விந்தாவுக்குத் துவா ஓதி முடித்திருந்தார்கள். பெரிய புகைப்படம், மல்லிகைச் சரம், கை கைக்குச் சாப்பாட்டுப் பெட்டி. பக்கத்திலேயே ஆளுயரத்துக்குக் கேசட் அடுக்கு! ஒலிபெருக்கியில் 'கடைசிப் பாட்டு' குழைந்தது.

"என் மக மாதிரி..." என்று நிருபர்கள் முன்னால் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார் குஸ்நாதி.

"அப்போ மக வந்திருக்கா, பாக்!"

எல்லாத் தலையும் திரும்பியது.

"ஆவி..!"

"காலைப் பாருடா! கால் தரையில படுதா?"

"படுது! செருப்புகூடப் போட்டிருக்கு!"

குஸ்நாதி ஒரு நொடி வெளுத்தார். ஒரே நொடிதான்!

"எவடி நீ? முக ஒத்துமையை வச்சுக்கிட்டு இழவு வீட்டுல திருட வந்தியா?"

"விந்தாவைத் தெரியலையா, பாக்?"

"விந்தா செத்துட்டா! இந்தக் கையால மண்ணு போட்டேன்! நீ விந்தாவா? சரி... பாடு! இந்த ஜனங்க முன்னால, அதே பாட்டைப் பாடு பார்ப்போம்!"

"பாடு! பாடு!" கூட்டம் பிடித்துக்கொண்டது.

ஒலிபெருக்கி ஓய்ந்தது. விந்தா மைக்கைப் பிடித்தாள்.

பாடினாள்.

தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உருட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது! சுருதி ஒரு தெருவில் போக, குரல் வேறு தெருவில் போயிற்று. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஒரு தண்ணீர்க் கோப்பை பறந்துவந்து அவள் தோளில் மோதியது.

அவள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, பல்லைக் கடித்துக்கொண்டு சரணம் முழுக்கப் பாடி முடித்தாள்.

"கேட்டீங்களா?" குஸ்நாதி கொக்கரித்தார். "இதுவா விந்தா? இன்ஸ்பெக்டர் அம்மா! இந்த வேஷக்காரியைப் பிடிச்சு உள்ளே போடுங்க!"

முன் வரிசையில் இருந்த இன்ஸ்பெக்டர் எண்டாங் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

"பிடிக்கத்தான் வந்தேன். காலையில ஸ்டேஷன்ல இந்தப் பொண்ணோட விரல் ரேகையை எடுத்துப் பார்த்தோம். அடையாள அட்டையில இருக்கிற ரேகைதான். இவதான் விந்தா சஃபிரா!"

சிரிப்பு அடங்கியது.

"எனக்குப் பாடவே வராது மேடம்னு இவ சொன்னப்போ நான்கூட நம்பலை. இப்போ ஊர் கூட்டி, மைக் கொடுத்து நிரூபிச்சது நீங்கதான் சார்! அப்போ... கேசட்ல பாடறது யாரு?"

"அது... அது வந்து..."

"சுலியா!" கூட்டத்திலிருந்து மத்தளக்காரன் கத்தினான். "சுலியாதான் பாடினா! பேசினா எங்களுக்குப் பிழைப்பு இருக்காதுன்னு இந்த ஆள் எங்க வாயை அடைச்சு வச்சிருந்தான்!"

"அந்தச் சுலியா எங்கே?" எண்டாங் நெருங்கினாள். "எரிஞ்ச உடம்பை இன்னிக்குக் காலையில தோண்டி எடுத்துப் பார்த்தோம், நுரையீரல்ல துளிப் புகை இல்லைங்கறார் டாக்டர். காருக்குள்ள ஏத்தறதுக்கு முன்னாலயே உயிர் போயிருக்கு. விந்தாகிட்ட வாங்கின மோதிரத்தை அவ விரல்ல மாட்டினது யாரு?"

குஸ்நாதியின் கழுத்து நரம்பு புடைத்தது.

"நன்றி கெட்டவ! அந்தத் தொண்டையை வளர்த்தவன் நான்! என் மைக், என் கூடம்! என்கிட்ட வளர்ந்த குரலை இன்னொருத்தனுக்குக் கொண்டு போறேன்னு என் முகத்துக்கு நேரா சொன்னா... ஒரு தள்ளு! ஒரே தள்ளுதான்! மேஜை முனையில போய் அவ விழுந்தா நான் என்ன..."

நிறுத்திக்கொண்டார்.

காலம் கடந்துவிட்டது. முற்றம் முழுக்கக் கேட்டிருந்தது. ஜனங்களே கேசட் அடுக்கை உதைத்துச் சரித்தார்கள். விலங்கு பூட்டப்பட்டது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு ரொக்கிம் வந்தான். குஸ்நாதியை அவன் பார்க்கவேயில்லை. விந்தாவின் முன் நின்றான்.

"ஒன்பது வருஷம்... நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அக்கா?"

விந்தாவின் தலை தானாகத் தாழ்ந்தது.

நிருபர்கள் சூழ்ந்தார்கள்.

"விந்தா! இனிமே உங்க எதிர்காலம்..?"

"என்னை விடுங்க!" சீறினாள். "சு... லி... யா. எழுத்துப் பிழை இல்லாமப் போடுங்க. அவ பேர் இப்பத்தான் முதல் தடவையா அச்சுல வருது!"

ஜீப்பில் ஏற்றும்போது குஸ்நாதி திமிறினார்.

"என் வக்கீல் வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன்!"

விந்தா ஜீப்பின் அருகில் போய்க் குனிந்தாள்.

"பயப்படாதீங்க, பாக்! நீங்க சும்மா வாயை மட்டும் அசைங்க... பின்னாலேருந்து குரல் கொடுக்கத்தான் வக்கீல் வர்றாரே!"