இப்பதான் தெளிவாத் தெரியுறான்

மட்டாஞ்சேரியில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் சரிசெய்வது என் பிழைப்பு. பேய்க்கதை சொல்லித் திரிகிற ஆள் இல்லை நான். கூப்பிட்ட இடத்துக்குப் போவேன், பெட்டியை ஒருமுறை அணைத்துப் போடுவேன், முக்கால்வாசி வியாதி அதிலேயே ஓடிவிடும். ஆரிஃபா போன் செய்தபோதும் இதுவும் அப்படி ஒன்று என்றுதான் நினைத்தேன்.

"துரை அண்ணே, வீடியோ கால்ல பிள்ளை மொகம் மட்டும் மங்கலாத் தெரியுது. அவங்க அங்க கெடந்து சங்கடப்படுறாங்க. ஒரு தடவை வந்து பாத்துட்டுப் போங்க."

அவங்க என்றால் அவள் கணவன் சிகாபுதீன். சவுதியில், தமாமில் ஏசி மெக்கானிக். ஆரிஃபா முழுகாமல் இருந்தபோது விமானம் ஏறியவன். மகன் ஷாபாஸுக்கு அப்போது ஏழு மாதம். பெற்ற பிள்ளையை அவன் இன்னும் தொட்டதில்லை, திரையில் பார்த்ததோடு சரி. அந்தத் திரையிலும் முகம் தெரியாவிட்டால் அந்த மனுஷன் என்னதான் செய்வான்?

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வெள்ளிக்கிழமை மாலை. பஜார் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கி, பழைய மசாலா குடோனுக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டுக்கு மரப்படி ஏறினேன். கீழே அடுக்கியிருந்த சுக்கு மூட்டைகளின் வாசனை தும்மல் வருகிற அளவுக்குக் கூடவே ஏறி வந்தது. மாடியில் நீளமாக ஒரே கூடம். அதன் கோடியில் காயலைப் பார்த்த ஜன்னல், மழைக்காகச் சாத்தியிருந்தது. ஜன்னலடியில் ஒரு பிரம்பு நாற்காலி. இந்தப் பக்கம் மேசையும் லேப்டாப்பும்.

ஆரிஃபா பிள்ளையை இடுப்பில் வைத்தபடியே சாயா கொடுத்தாள். கொழுகொழுவென்று இருந்தான் பயல். என் சட்டைப்பையில் இருந்த பேனாவைப் பிடித்து இழுத்தான். எனக்கு அவனைப் பிடித்துப்போனது.

விஷயம் என்னவென்றால், கால் பேசும்போது பின்னணியை மங்கலாக்கும் வசதியை அவள் எப்போதும் போட்டே வைத்திருந்தாள். காரணம் நாத்தனார் ஷமீனா. சிகாபுதீன் அங்கே ஏழெட்டுப் பேர் படுக்கிற அறையில் இருந்து பேசுகிறான். இங்கே ஷமீனா தலையில் தட்டம், அதாவது முக்காடு, இல்லாமல் கேமராவுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். என் வீட்டுக்குள் எனக்கென்ன தட்டம் என்பாள் அவள். அண்ணன்காரன் அங்கிருந்து கத்துவான். இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆரிஃபா கண்டுபிடித்த சமாதானம்தான் அந்தப் பட்டன்.

"இது ஒண்ணுமில்ல தங்கச்சி," என்றேன். "ஆள் எது, சுவர் எதுன்னு கம்ப்யூட்டரே பிரிச்சுப் பாக்கும். ஆளைத் தெளிவா விட்டுட்டு மத்ததை மங்கலாக்கும். வெளிச்சம் போதலைன்னா தடுமாறும். உன் மகனை ஆளுன்னு அது ஒத்துக்கல, அவ்வளவுதான்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"போன மாசம் வரைக்கும் ஒத்துக்கிட்டுதே, அண்ணே."

பட்டனை அணைத்துவிடலாமா என்றேன், ஷமீனாவை நினைத்து வேண்டாம் என்றாள். விளக்கைப் போட்டேன். கேமராவைத் துடைத்தேன். அவள் தெளிவாகத் தெரிந்தாள். மடியில் இருந்த பிள்ளை, சிலேட்டில் கையால் அழித்த மாதிரி கலங்கித் தெரிந்தான். பிள்ளையை வாங்கி என் மடியில் வைத்துப் பார்த்தேன். என் நரைத்த மீசைகூட எண்ணுகிற மாதிரி இருந்தது. பிள்ளை கலங்கலாகவே இருந்தான். மேசையில் கிடந்த கரடி பொம்மையை எடுத்துக் காட்டினேன்.

கரடி பளிச்சென்று தெரிந்தது.

அப்போதுதான் பின்னால் கவனித்தேன். கூடம் முழுக்கக் கலங்கலாகத் தெரிய, கோடியில் இருந்த பிரம்பு நாற்காலி மட்டும் பின்னல் பின்னலாகத் தெளிந்து நின்றது. நாற்காலியை ஆள் என்று நினைத்துக்கொள்வது இந்த மென்பொருளுக்குப் பழைய வியாதி. நிம்மதியாக இருந்தது எனக்கு. ஷமீனாவைக் கூப்பிட்டு நாற்காலியை அடுக்களைக்குத் தூக்கிப் போகச் சொன்னேன்.

நாற்காலி போய்விட்டது. அந்தத் தெளிவு போகவில்லை.

ஜன்னல் பலகையின் கோடுகளும் சுவரின் ஈரத்திட்டும் ஒரே ஒரு இடத்தில் மட்டும் துல்லியமாகத் தெரிந்தன. மேலே உருண்டை, அதற்குக் கீழே கொஞ்சம் அகலம். ஒரு சின்னப் பிள்ளை உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ, அவ்வளவு.

திரும்பிப் பார்த்தேன். வெறும் தரை.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். அப்டேட் போட்டேன். அந்தச் செயலியையே அழித்து மறுபடி ஏற்றினேன். வேறு செயலியில் பார்த்தேன். கடைசியில் என் பையில் இருந்த சொந்த லேப்டாப்பை எடுத்து அதே மேசையில் திறந்தேன்.

அதிலும் இருந்தது. ஜன்னலடியில் இல்லை. கூடத்தின் நடுவில், நின்றபடி.

"அண்ணே, அது நகருது," என்றாள் ஆரிஃபா, காற்றோடு காற்றாக.

"வெளிச்சந்தான் தங்கச்சி. வெறும் வெளிச்சம்."

சொன்ன எனக்கே அது நம்பும்படி இல்லை. ஷமீனாவுக்கு எங்கள் பயம் கேலியாக இருந்தது. "எங்க இருக்கு, காட்டுங்க. நானே போய் நிக்கேன்," என்று கூடத்தின் நடுவில் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள். திரையில் அவள் தெளிவாகத் தெரிந்தாள். அவள் இடுப்பு உயரத்துக்கு, கைக்குப் பக்கத்தில், அந்தத் தெளிந்த இடமும் ஒட்டிக்கொண்டு நின்றது.

"என்னண்ணே? ஏன் அப்படிப் பாக்குறீங்க?"

"இங்க வந்துடு, ஷமீனா. ஓடாதே. மெல்ல வா."

அவள் வந்தாள். அதுவும் வந்தது.

மழைச் சத்தம் அப்படியே இருந்தது. ஆனால் சுக்கு வாசனை இல்லை. மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். சுக்கு இல்லை, மழை இல்லை, ஆறிப்போன சாயாவின் வாசனைகூட இல்லை. யாரோ அந்த அறையையே கழுவித் துடைத்துவிட்டது போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஆரிஃபாவின் லேப்டாப் ஒலித்தது. சிகாபுதீன்.

எடுக்காதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். எடுக்காவிட்டால் அவன் அங்கே தவித்துப்போவான் என்று அவளுக்குத் தெரியும். முக்காட்டை இழுத்துவிட்டு, எப்போதும் செய்கிறபடி அந்தப் பட்டனையும் தட்டிவிட்டு எடுத்தாள்.

"ஆரிஃபா, சரியாயிடுச்சா? பிள்ளையைக் காட்டு."

அவள் பிள்ளையை மடியில் நிமிர்த்தினாள். திரையின் மூலையில் எங்கள் பக்கத்துப் படம் சின்னதாகத் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்த மேசை நாற்காலிக்குப் பின்னால், தோளை ஒட்டி, சுவரில் ஒரு துண்டு தெளிந்து நின்றது.

"இல்லையே, இன்னும் மங்கலாத்தான் இருக்கான்," என்றான் அவன். பாவம், குரல் உடைந்தது. "ஒரு தடவை மொகத்தைப் பாத்துட்டுப் படுக்கலாம்னு நெனச்சேன்."

தெளிவு அவள் தோளின் மேல் ஏறியது.

அவள் கழுத்தை அசைக்கவில்லை. கண்ணை மட்டும் என் பக்கம் திருப்பினாள். பிள்ளையை வாங்கிக்கொள் என்று கேட்கிற கண். நான் கை நீட்டினேன். சத்தியமாக நீட்டினேன். அதற்குள் அது மடியில் இறங்கிவிட்டது.

கலங்கல் கலைந்தது. திரையில் ஷாபாஸ், கன்னத்துக் குழி வரைக்கும் துல்லியமாக, கேமராவை நேராகப் பார்த்துச் சிரித்தான்.

"அல்லாஹ்! இப்பதான் தெளிவாத் தெரியுறான்!" சிகாபுதீன் கூவினான். "டேய் தங்கம்! அத்தாவைப் பாருடா! துரை அண்ணே, ரொம்ப நன்றி!"

நான் அவள் மடியைப் பார்த்தேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன்.

பிள்ளையின் கை இருந்தது, கால் இருந்தது, அரைஞாண் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடம் கலங்கிக் கிடந்தது. கண் எது, வாய் எது என்று பிரிக்க முடியவில்லை. ஆரிஃபா விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தொட்டால் மூக்கு இருக்கிறது, காது இருக்கிறது. கண்ணுக்கு மட்டும் இல்லை.

"அண்ணே," என்றாள் உதடு அசையாமல். "என் பிள்ளை மொகம் எங்கண்ணே?"

"ஏம்மா அழுவுற?" என்றான் அவன் திரையில் சிரித்தபடி. "சந்தோஷத்துலயா?"

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

அன்றைக்கே டாக்டரிடம் காட்டினார்கள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சிரிக்கிறானே என்றாராம் டாக்டர். ஊரில் எல்லோருக்கும் அவன் முகம் தெரிகிறது. அந்த அறையில் இருந்த எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியவில்லை. ஓதிப் பார்த்தார்கள். பக்கத்தில் தோப்பும்படி என்கிற இடத்துக்கு வீடு மாறிப் பார்த்தார்கள். நான் அந்த லேப்டாப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கிக் கொடுத்தேன். எதற்கும் அசையவில்லை. இதில் எதை அணைப்பது, எதைப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. என் தொழிலில் இவ்வளவு கையாலாகாமல் நான் நின்றதே இல்லை.

இப்போதெல்லாம் ஆரிஃபா பகல் முழுக்கக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். பெற்ற பிள்ளை மடியில் இருக்க, அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குத் திரை வேண்டியிருக்கிறது. கணவனிடம் அவள் எதையும் சொல்லவில்லை. தினமும் மகன் சிரிப்பதைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவனிடம் எப்படிச் சொல்வது?

நேற்று அவள் போன் செய்தாள். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, திரையில பிள்ளைக்கு நாலு பல்லு மொளச்சிருக்கு. அவங்க பாத்துட்டு ஒரே ஆட்டம். பிள்ளையைத் தூக்கணும்னு லீவு போட்டுட்டாங்க. அடுத்த வாரம் வராங்க."

"நல்லதுதானே தங்கச்சி."

"நான் வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்தேன். ஒண்ணுமில்லண்ணே. வெறும் ஈறுதான்."

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அவங்க வந்து யாரைத் தூக்குவாங்க, அண்ணே?"

அவள் பக்கத்திலிருந்து பிள்ளை கலகலவென்று சிரிக்கிற சத்தம் கேட்டது. பேச்சை மாற்றக் கிடைத்ததே என்று பிடித்துக்கொண்டேன்.

"பய முழிச்சிட்டானா?"

"இல்லண்ணே," என்றாள். "மடியில தூங்குறான்."